பட்டறை மேசையில் ஒரு செமி ஆட்டோ

புதிதாக வாங்கிய செமி ஆட்டோ துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் கையில் ஒட்டுவது மசகு. தொழிற்சாலையை விட்டுக் கிளம்பி, கப்பலேறி, கிடங்கில் கிடந்து, கடைக்கு வந்து சேரும்வரை துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று கெட்டியாகப் பூசி அனுப்புகிறார்கள். வாங்குபவர் அதைத் துப்பாக்கி ஓடுவதற்கான எண்ணெய் என்று நினைத்து, அப்படியே தோட்டாவைப் போட்டுச் சுடுகிறார். இரண்டு வெடி நன்றாகப் போகிறது. மூன்றாவது தோட்டா பாதி வழியில் சிக்கி நிற்கிறது. "புதுசு அண்ணே, ஆனா மக்கர் பண்ணுது" என்ற புகாரோடு துப்பாக்கி பட்டறைக்கு வருகிறது.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் துப்பாக்கி பழுதுபார்த்தே தலை நரைத்த ஒருவருக்கு இது பழகிய கதை. அவர் கேட்கும் முதல் கேள்வியும் மாறுவதில்லை: "கழுவினீங்களா தம்பி?"

இந்த முறை வந்தவர் நிபோங் திபால் பக்கம் செம்பனைச் சிறுதோட்டம் வைத்திருப்பவர். அப்பா காலத்திலிருந்து வீட்டில் புழங்கியது ஒற்றைக் குழல் 12 போர். மலாய்க்காரர்கள் 'செனாப்பாங் பாத்தா' என்று சொல்லும் மடிப்புத் துப்பாக்கி. புதுக்கன்று நட்டால் காட்டுப்பன்றி வந்துவிடும். அடியைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். ஒற்றைக் குழலில் ஒரு வெடி தவறினால், குழலை மடித்து, வெற்றுத் தோட்டாவை உருவி, அடுத்ததைச் செருகி நிமிர்வதற்குள் பன்றி பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும். அந்த இரண்டாவது வெடிக்காகத்தான், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துருக்கி செமி ஆட்டோ ஒன்றை அவர் வாங்கியிருந்தார்.

பட்டறைக்காரர் துப்பாக்கியைத் தொடவில்லை. கையை நீட்டி லைசென்ஸ் புத்தகத்தைத்தான் கேட்டார். குழலிலும் உடலிலும் பொறித்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். எட்டையும் மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாதென்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொண்டார். மலேசியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும்; கொடுப்பவர் மாநிலப் போலீஸ் தலைவர். விற்பவருக்கும் உரிமம், பழுதுபார்ப்பவருக்கும் உரிமம். எத்தனை தோட்டா வாங்கினோம் என்பதும் பதிவாகும். உரிமம் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தால் 1971ஆம் ஆண்டு துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனை) சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் என்கிறது. ஒரு இலக்கம் தவறினாலும் விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் இருவர்: கொண்டுவந்தவரும் வாங்கி வைத்தவரும்.

இந்த நாட்டுத் தமிழர் வீடுகளில் துப்பாக்கி என்றால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1948 ஜூனில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து அவசரகாலம் பிறந்தபோது, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு என்று விதி வந்தது. அனைத்து மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவிலிருந்து எழுந்த முறையீடுகள் பலிக்கவில்லை. தோட்டத்து லயங்களில் அந்தச் செய்தி பரவிய காலத்துப் பிள்ளைகள்தான் இன்றைய தாத்தா பாட்டிகள். பேரன் உரிமத்தோடு வாங்கிய துப்பாக்கியைக்கூட அவர்கள் கூடத்தில் வைக்க விடுவதில்லை.

அதே அவசரகாலம்தான் செமி ஆட்டோவை மலாயாக் காட்டுக்குப் பழக்கியது. அடர்ந்த காட்டில் எதிரி கண்ணில் படுவதே சில கஜ தூரத்தில். அதுவும் கண நேரம். அங்கே தொலைதூரம் சுடும் ரைபிளைவிடச் சிதறு குண்டு பலன் தந்தது. ரோந்துப் படையின் முன்னால் நடப்பவர் கையில் பிரௌனிங் ஆட்டோ 5 கொடுத்தார்கள். உடலின் பின்பக்கம் செங்குத்தாக எழும்பி நிற்கும் அந்த மாதிரியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆட்டோ 5இன் பிறப்பே ஒரு கதை. அமெரிக்காவின் ஜான் மோசஸ் பிரௌனிங் அதை வடிவமைத்து 1900இல் காப்புரிமை பெற்றார். விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டார். அதுவரை அவருடைய வடிவங்களை மொத்த விலைக்கு வாங்கிப் பழகிய வின்செஸ்டர் நிறுவனம் மறுத்துவிட்டது. ரெமிங்டன் நிறுவனத்துக்குப் போனார். அதன் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைச் சந்திக்கக் காத்திருந்த வேளையில், 1902 ஜனவரி 8ஆம் தேதி, ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துபோனார். பிரௌனிங் மாதிரித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கப்பலேறிப் பெல்ஜியம் போய், எஃப்.என். நிறுவனத்திடம் கொடுத்தார். வெற்றிகரமாக விற்ற முதல் செமி ஆட்டோ ஷாட்கன் அதுதான். கடைசியாக ஜப்பானில் செய்யப்பட்டு, ஏறத்தாழ நூறாண்டு தயாரிப்பில் இருந்து, 1998இல் நின்றது.

பட்டறைக்காரர் தொழில் படித்தது இந்த ஆட்டோ 5இல்தான். சுட்டதும் குழலும் போல்ட்டும் சேர்ந்து பின்னால் ஓடி, பிறகு குழல் மட்டும் முன்னே திரும்பும். இடையில் வெற்றுத் தோட்டா வெளியே விழும். குழலுக்கு அடியில் உள்ள சுருளில் ஓர் உராய்வு வளையம் இருக்கும். லேசான தோட்டாவுக்கு அதை ஒரு விதமாகவும், கனத்த தோட்டாவுக்கு வேறு விதமாகவும் மாற்றிப் போட வேண்டும். மாற்றாமல் கனத்த தோட்டாவைச் சுட்டுக்கொண்டே இருந்தால் முன்கை மரம் பிளக்கும். பிளந்த முன்கை மரத்தோடு வந்த ஆட்டோ 5 எல்லாவற்றிலும் வளையம் தவறாகத்தான் இருந்தது என்கிறார் அவர்.

அந்தக் காலத்துத் தோட்டாவின் கூடு காகிதம். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பிவிடும். உப்பியது அறைக்குள் போகாது. 1960இல் ரெமிங்டன் பிளாஸ்டிக் கூட்டைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. அதே நிறுவனம் 1963இல் கொண்டுவந்த 1100 மாதிரி, வெடிமருந்துப் புகையின் அழுத்தத்தைத் திருடிப் போல்ட்டை ஓட்டியது. தோளில் அடி குறைந்தது. ஆனால் புகை கரியை விட்டுப் போகும். குழலடியில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்கும். சில காசு பெறாத அந்த வளையம் இல்லாமல் நின்றுபோன துப்பாக்கிகள் பட்டறையில் எத்தனையோ.

நிபோங் திபால்காரர் கொண்டுவந்தது மூன்றாவது வகை: இனர்ஷியா. இத்தாலியின் உர்பினோ நகரத்து பெனெல்லி புகழ்பெறச் செய்த வழி. இப்போது துருக்கியிலும் இதே வழியில் நிறையச் செய்கிறார்கள். இதில் குழல் ஓடுவதில்லை. புகையும் உள்ளே வருவதில்லை. சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னால் உதைக்கிறது. உள்ளே கனமான போல்ட் உடல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதற்கும் சுழலும் போல்ட் தலைக்கும் நடுவே ஒரு குட்டி ஸ்பிரிங். விரல் நீளம்கூட இராது. உதையில் அது நெருங்கிச் சுருங்கி, அடுத்த நொடிக்குள் விரிந்து, போல்ட்டைப் பின்னே தள்ளுகிறது. தலை சுழன்று பூட்டுத் திறக்கிறது. வெற்றுக்கூடு வலப்பக்கம் பறக்கிறது.

மேசைமேல் பழைய துணி விரித்து அவர் பிரிக்கத் தொடங்கினார். மேகசின் மூடியைத் திருகிக் கழற்றினால் குழல் கையோடு வந்துவிடுகிறது. போல்ட் கைப்பிடியை இழுத்து எடுத்தால் போல்ட் வழுக்கி வெளியே வருகிறது. இரண்டு ஊசி தட்டினால் விசைத் தொகுதி முழுசாகக் கீழே இறங்குகிறது. ஒற்றைக் குழலில் விசைத் தொகுதி இவ்வளவு எளிதாகக் கையோடு வராது. பழுப்பு மசகு போல்ட்டின் பள்ளங்களில் அப்பிக் கிடந்தது. பினாங்கு வெயிலில் இது பிசினாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, காயவிட்டு, தண்டவாளங்களில் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவினார்.

அப்புறம் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். போல்ட் ஓடும் வெட்டின் ஓரத்தில் இயந்திரம் விட்டுப்போன பிசிறு, நகத்தில் மாட்டியது. நுண்ணிய எண்ணெய்க் கல்லால் இரண்டு இழுப்பு, போய்விட்டது. குழலின் உட்புறம் குரோமியம் பூசியது; இந்த ஊருக்கு நல்லது. வெளிப்புறக் கறுப்பு மெல்லியது. இந்த ஊருக்குப் போதாது. கடல்காற்றும் மழையும் சேரும் இடத்தில், வியர்வைக் கையோடு பிடித்து வைத்த துப்பாக்கியில் மறுநாளே கைரேகை துருவாகத் தெரியும். குந்தாவுக்கும் உடலுக்கும் இடையில் செருக ஒன்றுக்கொன்று கனம் மாறும் பிளாஸ்டிக் தகடுகள் பெட்டியில் இருந்தன. வாங்கியவர் அவற்றைப் பார்த்ததே இல்லை.

"இது எதுக்கு அண்ணே?"

"உங்க கன்னத்துக்கு. கட்டை உயரமா இருந்தா வெடி மேல போகும், தாழ்வா இருந்தா கீழ போகும். கண்ணை மூடித் தோள்ல வைங்க. இப்பத் திறங்க. குழல் முனை எங்க தெரியுது?"

இடப்பக்கம் தெரிந்தது. தகட்டை மாற்றினார். மறுபடி கண்ணை மூடித் திறக்கச் சொன்னார். முனை நேரே வந்தது. ஐரோப்பிய உடல்வாகுக்கு அறுத்த குந்தா நம் ஆட்களுக்குச் சற்று நீளம். ரப்பர்த் தலையணையை மெல்லியதாக மாற்றினால் அதுவும் சரியாகும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய இத்தாலியத் துப்பாக்கியைவிட, அளவு பார்த்துப் பொருத்திய மலிவுத் துப்பாக்கி நன்றாக அடிக்கும் என்பது அவர் கண்ட பாடம்.

ஆயர் ஈத்தாமில் ரைபிள் ரேஞ்ச் என்று ஒரு பகுதி. மலாயில் பாடாங் தெம்பாக். பெயர் சொல்வதுபோலவே பிரிட்டிஷ் காலத்துச் சுடுதளம். இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள். நகரம் வளர வளரச் சுடும் இடங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. எனவே புதுத் துப்பாக்கியைப் பார்க்க முறையான சங்கத்தின் தளத்துக்குத்தான் போக வேண்டும். தோட்டத்து மூலையில் மரத்தைச் சுட்டுப் பார்க்கும் பழக்கத்தை அவர் ஒப்புவதில்லை.

தளத்தில் முதலில் களிமண் தட்டுச் சுடுபவர்களின் 24 கிராம் தோட்டா. இரண்டு முறை வெற்றுக்கூடு முழுசாக வெளியே வராமல் வாயிலில் மாட்டியது. தோட்டக்காரரின் முகம் வாடியது. அடுத்து 36 கிராம், பிசிறில்லாமல் ஓடியது. இது பழுதல்ல. இனர்ஷியா துப்பாக்கிக்கு உதைதான் உணவு. புது ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். லேசான தோட்டாவின் உதை அதற்குப் போதாது. முதலில் கனத்த தோட்டாக்களைச் சுட்டுப் பழக்கிவிட்டுப் பிறகு லேசானவற்றுக்கு வர வேண்டும் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள். தோளில் தளர்வாகப் பிடித்தாலும் இதே தொல்லை வரும். குழலோடு கனமான டார்ச் லைட்டைக் கட்டினாலும் வரும். எடை கூடக்கூடப் பின்னோக்கிய வேகம் குறையும், ஸ்பிரிங் சுருங்காது. தோட்டக்காரர் பையில் டார்ச்சும் அதற்கான கவ்வியும் தயாராக இருந்தன. அவை பையிலேயே இருக்கட்டும் என்றார் பட்டறைக்காரர்.

பிறகு காகிதம். 40 கஜத்தில் பெரிய தாளை நிறுத்தி ஒரு வெடி. குண்டுகள் நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் வரைந்து உள்ளே விழுந்த குண்டுகளை எண்ணுவது பழைய முறை. குழல் முனையின் இறுக்கத்துக்குச் சோக் என்று பெயர். ஃபுல் சோக் என்றால் தோட்டாவில் உள்ளதில் 70 சதவீதம் வட்டத்துக்குள் விழ வேண்டும். மாடிஃபைட் என்றால் 60. சோக்கே இல்லாத சிலிண்டர் என்றால் 40. பெட்டியோடு வந்த சோக் குழாய்களில் எழுதியிருப்பது ஒன்று, தாளில் விழுவது ஒன்றாக இருப்பது அரிதல்ல. பன்றிக்குப் போடும் எஸ்ஜி போன்ற பெரிய குண்டுகள் இறுக்கமான சோக்கில் ஒன்றையொன்று முட்டிச் சிதறும். சற்றுத் திறந்த சோக்கில்தான் ஒழுங்காகப் போகும். நிபோங் திபால்காரர் ஃபுல் சோக்கைத் திருகிக்கொண்டு வந்திருந்தார், இறுக்கமாக இருந்தால் பலம் கூடும் என்று. தாளைப் பார்த்ததும் தானே கழற்றிவிட்டார்.

இதுவரை புதுத் துப்பாக்கி நன்றாகவே தேறியது. பட்டறைக்காரரின் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது.

மடிப்புத் துப்பாக்கியை மடித்துவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்பவருக்கும் அது வெறுமையா இல்லையா என்று தெரியும். செமி ஆட்டோ அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஒரு வெடி சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே அறைக்குள் ஏறி, சுடத் தயாராக உட்கார்ந்திருக்கும். வாயிலைத் திறந்து காலி செய்வதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் போல்ட்டை இழுத்தால் அறையில் இருந்த தோட்டா வெளியே விழும். பல மாதிரிகளில் அதே இழுப்பில் மேகசினிலிருந்து இன்னொன்று மேலே ஏறிவிடும். வெளியே விழுந்ததைப் பார்த்து காலியாகிவிட்டது என்று நினைப்பவர்தான் ஆபத்தில் இருக்கிறார். முதலில் மேகசினைக் காலி செய்ய வேண்டும், பிறகு போல்ட்டை இழுத்து நிறுத்த வேண்டும், பிறகு கண்ணால் பார்க்க வேண்டும், அதன்பின் சுண்டு விரலை அறைக்குள் விட்டுத் தடவ வேண்டும். இருட்டில் கண்ணைவிட விரல் நம்பகமானது. பட்டறைக்காரர் இதைத் தோட்டக்காரரைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார், வெற்றுப் பயிற்சித் தோட்டாக்களை வைத்து. ஒருமுறை போல்ட்டை விடுவிக்கும் பொத்தானை அழுத்தும்போது தோட்டக்காரரின் கட்டைவிரல் வாயிலில் இருந்தது. போல்ட் அறைந்த இடத்தில் நகம் கறுத்தது. அதற்குப் பிறகு விரலை எங்கே வைப்பது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போட்டித் துறையிலும் இதற்குச் சான்று இருக்கிறது. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஒலிம்பிக் டிராப் போட்டியின் விதிகள், கையால் முன்பின் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் வகையை விலக்குகின்றன. செமி ஆட்டோவை அனுமதிக்கின்றன, மேகசினில் ஒன்றுக்கு மேல் ஏறாதபடி அடைத்திருந்தால். ஆனாலும் அந்த வரிசையில் நிற்பவர்கள் கையில் ஏறத்தாழ எல்லாமே மேலும் கீழுமாகக் குழல் அமைந்த மடிப்புத் துப்பாக்கிகள். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் டிராப் குழுத் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர்; 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டவர். அவருடைய விளையாட்டில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடி போதும். இரண்டு குழலுக்கு இரண்டு வெவ்வேறு சோக் போட்டுக்கொள்ளலாம். இடம் மாறும்போது மடித்துக் கையில் தொங்கவிட்டு நடந்தால் பக்கத்தில் நிற்பவர் நிம்மதியாக இருப்பார்.

தோட்டத்தில் நிலைமை இதைவிடக் கடினம். ஈர மண், வழுக்கும் மட்டைக் குவியல், வாய்க்கால், முள்வேலி. பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்தி மலேசிய நாளிதழ்களில் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. அப்படிப்பட்ட வேளையில் இரண்டாவது வெடி வேகமாக வருவது எவ்வளவு உதவியோ அவ்வளவு கேடு. இன்னொன்று: போலீஸ் கொடுக்கும் உரிமம் துப்பாக்கிக்குத்தான். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் காட்டுப்பன்றியும் இருக்கிறது, குரங்கும் இருக்கிறது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடம் முன்கூட்டியே பேசாமல் தோட்டத்தில் இறங்கக் கூடாது.

தோட்டக்காரர் கடைசியில் நேரடியாகவே கேட்டார்: "இதை வாங்கினது தப்பா அண்ணே?"

"தப்பில்ல தம்பி. ஒற்றைக் குழல்ல இருந்து இதுக்கு ஒரே தாவாத் தாவிட்டீங்க. நடுவுல இரட்டைக் குழல்னு ஒரு படி இருக்கு."

தீர்ப்பு அதுதான். தனியாளாகச் சிறுதோட்டம் காப்பவருக்கு இரட்டைக் குழல் மடிப்புத் துப்பாக்கியே இன்னும் பொருத்தம்: இரண்டாவது வெடியும் உண்டு, காலியா என்பதும் பார்த்தவுடன் தெரியும், பிரித்துக் கழுவ வேண்டிய பாகமும் குறைவு. மாதத்துக்கு ஒருமுறையாவது தளத்துக்குப் போகிறவர், சுட்ட அன்றே பிரித்துத் துடைக்கிறவர், காலி செய்யும் வரிசையைத் தூக்கத்திலும் சொல்லக்கூடியவர் செமி ஆட்டோ வாங்கலாம். துருக்கித் துப்பாக்கி அந்த விலைக்கு நேர்மையான பொருள். கழுவி, பிசிறு எடுத்து, தகடு மாற்றிய பிறகு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிபோங் திபால்காரர் அதை வைத்துக்கொண்டார், மேகசினுக்குள் மரக்கட்டை ஒன்றைச் செருகி, இரண்டு தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஜார்ஜ் டவுன் பட்டறை சொல்வது இவ்வளவுதான்: கடையில் தோளில் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முதல் வெடிக்கு முன் மசகைக் கழுவுங்கள். எண்ணை லைசென்ஸோடு ஒப்பிட்டுவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள். அப்பாவின் ஒற்றைக் குழலைத் திருப்பிக் கொடுக்கும் அவசரமும் வேண்டாம்; புதியது கைக்குப் பழகும்வரை அது சட்டப்படி வீட்டிலேயே இருக்க வழி உண்டா என்று முதலில் போலீஸ் நிலையத்தில் கேளுங்கள்.